தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்கும் ஸ்லைட்கள்

கொழும்பில் ஆய்வு மாநாடுகளுக்குக் குறைவில்லை. பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் நடத்துகின்றன, பீடங்கள் தனியே நடத்துகின்றன, பௌத்தாலோக மாவத்தை மாநாட்டு மண்டபத்திலும் ஹோட்டல்களிலும் சர்வதேச மாநாடுகள் நடக்கின்றன. இதழியல், வெகுசனத் தொடர்பாடல் அமர்வுகளில் கட்டுரை வாசிக்க யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஒலுவில் என்று பல இடங்களிலிருந்தும் இளம் விரிவுரையாளர்கள் வருகிறார்கள். ஆய்வுச் சுருக்கங்களை மதிப்பாய்வு செய்வதும் அமர்வுகளுக்குத் தலைமை தாங்குவதும் என் வேலையின் ஒரு பகுதி. தலைப்புகள் நன்றாக இருக்கின்றன. களத்துக்குப் போய் ஆட்களைச் சந்தித்து எழுதுகிறார்கள். சந்தோஷமான விடயம்தான். ஆனால் பெயரை மறைப்போம் என்று ஒருவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டு, அவர் யார் என்று மண்டபத்துக்கே புரியும்படி திரையில் போடுவது இந்த அமர்வுகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

ஒரு ஸ்லைடைச் சொல்கிறேன். விபரங்களை மாற்றியிருக்கிறேன், அமைப்பு அப்படியே. பிராந்திய பெண் செய்தியாளர்கள் எதிர்கொள்ளும் தொல்லைகள் பற்றிய ஆய்வு. நேர்காணப்பட்டவர்களின் பட்டியல் அட்டவணையாக வருகிறது. ‘பதிலளித்தவர் 4: பெண், வயது 34, தொலைக்காட்சிச் செய்தியாளர், 2012 முதல் பணி, திருமணமாகாதவர்’ என்று ஒரு வரி. பக்கத்திலேயே மாவட்டத்தின் பெயர். இரண்டு ஸ்லைட் தள்ளி மேற்கோள்: ‘எங்கள் செய்தி ஆசிரியர் இரவில் தேவையில்லாமல் அழைப்பார்.’ கீழே அடைப்புக்குறிக்குள் ‘ப.4’.

பெயர் இல்லை, உண்மைதான். ஆனால் வன்னியின் ஒரு மாவட்டத்தில், தொலைக்காட்சிக்கு வேலை செய்யும், அந்த வயதுப் பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? மண்டபத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். எங்கள் துறை மாநாட்டுக்கு ஊடக நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வருவார்கள். சிறப்புப் பேச்சாளராகச் செய்திப் பணிப்பாளர் ஒருவர் வருவார். பகுதிநேர விரிவுரையாளர்களில் பாதிப் பேர் பத்திரிகைகளில் இருந்தவர்கள், இன்னும் இருப்பவர்கள். மருத்துவ மாநாட்டில் ஒரு நோயாளியைப் பற்றிப் பேசினால் கேட்பவர்களில் அவரைத் தெரிந்தவர் இருப்பது அபூர்வம். எங்கள் மாநாட்டில் தகவல் தந்தவரின் முதலாளி முன்வரிசையில் இருக்கலாம். தமிழ் ஊடகத் துறை அவ்வளவு சிறியது.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. பிராந்திய செய்தியாளர்களில் பலருக்கு நியமனக் கடிதம் கிடையாது. அனுப்பும் செய்திக்கும் காட்சிக்கும் இவ்வளவு என்றுதான் கணக்கு. அப்படிப்பட்டவரை யாரும் பணிநீக்கம் செய்யத் தேவையில்லை. அவர் அனுப்புவதை எடுக்காமல் விட்டாலே போதும். எந்தக் கடிதமும் வராது, எங்கும் முறையிடவும் முடியாது.

வேலை இழப்பதை விடப் பெரிய ஆபத்தும் இந்த நாட்டில் செய்தியாளர்களுக்கு இருந்திருக்கிறது. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் அவருடைய வீட்டிலேயே கொல்லப்பட்டார். ஐயாத்துரை நடேசன் 2004 மே மாதம் மட்டக்களப்பில். தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கிடைத்தார். சுகிர்தராஜன் 2006 ஜனவரியில் திருகோணமலையில். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரியில் கொழும்பில். இந்தப் பெயர்களை முதலாம் வருட மாணவர்களுக்குப் படிப்பிக்கிறவர்களே நாங்கள்தான். காலம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால், நேர்காணலுக்கு வர முன் ‘றெக்கோர்ட் பண்ணாதீங்கோ’ என்று கேட்கும் செய்தியாளரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

அட்டவணைக்கு வருவோம். தனித்தனி ஆளாக வரிசைப்படுத்திக் காட்டுவதற்குப் பெரும்பாலும் எந்தக் காரணமும் இல்லை. மொத்தம் எத்தனை பேர், எந்த வயது வீச்சு, எந்தெந்த வகை ஊடகம் என்று தொகுத்துச் சொன்னால் போதும். மாவட்டத்தை விட்டுவிட்டு மாகாணத்தைச் சொல்லலாம். முக்கியமாக, மேற்கோளுக்குக் கீழே இலக்கம் போடாதீர்கள். ஒரே இலக்கம் நான்கு மேற்கோளில் வந்தால் கேட்பவர் நான்கையும் சேர்த்து ஆளைப் பிடித்துவிடுவார். ‘இலக்கம் இல்லாவிட்டால் தரவின் நம்பகத்தன்மை போய்விடுமே’ என்று மேற்பார்வையாளர்கள் சிலர் கேட்பதுண்டு. முழு விபரமும் ஆய்வாளரின் கோப்பில் இருக்கிறது. பரீட்சகர் பார்க்க வேண்டுமென்றால் அங்கே பார்க்கலாம். மண்டபத்தில் இருக்கும் அத்தனை பேரும் பார்க்கத் தேவையில்லை.

பெயரை எடுத்துவிட்டால் ஆள் மறைந்துவிடுவார் என்ற நம்பிக்கை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. 2008 இல் ஹாவர்ட் ஆய்வாளர்கள் ஒரு கல்லூரி மாணவர்கள் சுமார் 1,700 பேரின் பேஸ்புக் தரவுகளைப் பெயர் நீக்கி வெளியிட்டார்கள். எந்தக் கல்லூரி என்றுகூடச் சொல்லவில்லை. மைக்கல் சிம்மர் என்ற ஆய்வாளர் அந்தத் தரவுகளைத் திறந்தே பார்க்கவில்லை. கூடவே வந்த விளக்கக் கையேட்டையும் பொதுவில் கிடந்த சில தகவல்களையும் ஒப்பிட்டு, அது ஹாவர்ட் கல்லூரிதான் என்று கண்டுபிடித்தார். சில நாடுகளிலிருந்து ஒரேயொரு மாணவர் மட்டுமே இருந்தது அந்தக் கையேட்டிலேயே தெரிந்தது. கல்லூரி தெரிந்தால் அந்த ஒருவரும் தெரிந்துவிடுவார் அல்லவா? 2010 இல் சிம்மர் இதை எழுதிய கட்டுரையை, இணையத்தை வைத்து ஆய்வு செய்யும் எல்லோரும் ஒரு தடவையாவது வாசிக்க வேண்டும். ‘அது ஏற்கெனவே பகிரங்கமாகத்தானே கிடக்கிறது’ என்ற சாட்டு ஏன் செல்லாது என்பதுதான் அந்தக் கட்டுரையின் விடயம்.

அதே சாட்டைத்தான் இங்கே பேஸ்புக் ஸ்கிரீன்ஷொட்டுகளுக்கும் சொல்கிறார்கள். வெறுப்புப் பேச்சு, தேர்தல் பிரசாரம், மலையகப் பெண்கள் பற்றிய கேலி என்று எந்த ஆய்வை எடுத்தாலும் பத்துப் பதினைந்து ஸ்கிரீன்ஷொட் இருக்கும். முகத்தையும் பெயரையும் கறுப்புப் பெட்டியால் மறைத்திருப்பார்கள். கீழே ஒரு நண்பர் போட்ட ‘சரியாச் சொன்னீங்க’ என்ற பதிலில் பதிவிட்டவருடைய பெயர் நீல நிறத்தில் அப்படியே இருக்கும். இதைக் கவனிக்காமல் விடுவது சாதாரணமாக நடக்கிறது.

பெயரை ஒழுங்காக மறைத்தாலும் வாசகம் மிஞ்சுகிறது. பகிரங்கமாகப் போட்ட பதிவின் வரியை அப்படியே கூகிளிலோ பேஸ்புக் தேடலிலோ இட்டால் பல தடவை அந்தப் பதிவே வந்து நிற்கும். தமிழில் இந்த ஆபத்து கூட. பேச்சுத் தமிழில், ஒவ்வொருவரும் தம் இஷ்டப்படி எழுத்துக்கூட்டி எழுதுவதால் ஒரே மாதிரி இரண்டு வரி கிடைப்பது அரிது. நான் மதிப்பாய்வு செய்யும்போது மேற்கோள்களைத் தேடிப் பார்ப்பேன். ஆள் வந்தால் கட்டுரையைத் திருப்பி அனுப்பி, வரியை மாற்றி எழுதச் சொல்வேன். கருத்தும் தொனியும் மாறாமல் சொற்களை மாற்றுவதற்கு நேரம் எடுக்கும், ஆனால் செய்யலாம். அப்படி மாற்றியதை முறையியல் பகுதியில் ஒரு வசனத்தில் சொல்லிவிட வேண்டும். இணைய ஆய்வாளர் சங்கம் (AoIR) 2002 இலிருந்து நெறிமுறை வழிகாட்டல்களை வெளியிட்டு வருகிறது. 2019 பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அரசியல்வாதியின் உத்தியோகபூர்வப் பக்கத்துக்கும் ஊடக நிறுவனத்தின் பக்கத்துக்கும் இதெல்லாம் தேவையில்லை. அவர்கள் சொன்னதைப் பெயரோடு, திகதியோடு காட்டுவதுதான் முறை. வேலைக்குப் போய் வந்து இரவில் கோபத்தோடு ஒரு வரி எழுதிய சாதாரண ஆளுக்குத்தான் இந்தக் கவனம். அவர் எழுதியது மோசமான வரியாக இருந்தாலும் சரி.

படங்கள் பற்றியும் சொல்ல வேண்டும், இது என்னை மிகவும் பாதிக்கிற விடயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் நடந்த குண்டுத் தாக்குதல்களைப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எப்படிக் காட்டின என்று பல ஆய்வுகள் வந்தன. தேவையான ஆய்வுகள். உடல்களையும் அழும் தாய்மாரையும் பிள்ளைகளின் முகங்களையும் போட்டது தவறு என்று அவை வாதிடுகின்றன. அந்த வாதத்துக்கு ஆதாரமாக அதே படங்களைத் திரை நிறையப் போடுகிறார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் இருக்கும் இதே நகரத்து மண்டபத்தில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தை அறிந்தவர்கள் இருக்கும் சபையில், அந்தப் படம் திடீரென்று வருகிறது. இறுதி யுத்த காலப் படங்களுக்கும் இதே நிலைதான். பார்த்துக்கொண்டிருப்பவரின் உறவினர் அதில் இருக்கலாம்.

படத்தைக் காட்டாமலே வாதத்தைச் சொல்ல முடியும். எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, எத்தனையாம் பக்கம், எத்தனை பத்தி அகலம், தலைப்பு என்ன, படத்தில் என்ன இருந்தது என்று வார்த்தையில் சொல்லுங்கள். பக்க அமைப்பைக் காட்டியே ஆகவேண்டுமென்றால் படம் இருந்த இடத்தைச் சாம்பல் கட்டமாக்கிவிட்டு மீதியைக் காட்டலாம். சரிபார்க்க விரும்புபவர் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் போய் அந்த இதழை எடுத்துப் பார்க்கட்டும்.

முன்பெல்லாம் மண்டபத்தில் சொன்னது பெரும்பாலும் மண்டபத்தோடு போகும். இப்போது ஸ்லைட் வந்தவுடன் பத்துக் கைகள் தொலைபேசியை உயர்த்துகின்றன. சில நிமிடங்களில் அது வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும். அமர்வு யூடியூப்பில் நேரடியாகப் போகலாம். ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு பிடிஎஃப் ஆக ஏறினால் வருடக்கணக்கில் தேடலில் வந்துகொண்டே இருக்கும். சுருக்கத்தில் ‘கிழக்கின் ஒரு கரையோர நகரத்தில் இயங்கும் ஒரேயொரு சமூக வானொலி’ என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம்.

ஒப்புதல் படிவங்களிலும் இதனால் மாற்றம் வேண்டும். ‘இத்தகவல்கள் ஆய்வு நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தப்படும்’ என்ற ஒரு வரிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு, மேடை, ஒளிபரப்பு, தொகுப்பு எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். கையெழுத்திட்டவர் நினைத்ததோ நூலகத்தில் அடுக்கி வைக்கப்படும் ஒரு தடித்த புத்தகத்தை. மாநாட்டில் பேசுவேன், உங்கள் சொற்களை அப்படியே காட்டலாமா, அமர்வு ஒளிப்பதிவாகலாம் சம்மதமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். ஆங்கிலப் படிவத்தில் தமிழ்ச் செய்தியாளரின் கையெழுத்து இருப்பதை இன்னமும் காண்கிறேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்துவம், அரசியல் கருத்து, மத நம்பிக்கை, உடல்நலம் பற்றிய தரவுகளைச் சிறப்பு வகையாகவே பார்க்கிறது. எங்கள் நேர்காணல்களில் வருவதில் பெரும்பகுதி அதுதான்.

எங்கள் மாணவர்களே தரவாகும் ஆய்வுகளும் அதிகரித்துவிட்டன. வகுப்பு வட்ஸ்அப் குழுவில் கூகிள் ஃபோம் ஒன்றைப் போட்டுவிட்டு ‘விருப்பமானவர்கள் நிரப்பவும்’ என்கிறோம். புள்ளி போடுபவர் கேட்டால் எந்தப் பிள்ளை மறுக்கும்? இதை வேறொரு துறை விரிவுரையாளர் மூலம், மின்னஞ்சல் முகவரி பதிவாகாதபடி, பரீட்சை முடிவுகள் வந்த பிறகு செய்ய வேண்டும்.

மாநாட்டு ஏற்பாட்டாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைகளுக்கு அழைப்பு விடும்போதே, ஆய்வுக்கு நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதியின் இலக்கத்தைக் கேளுங்கள். ஸ்லைட்களை முதல் நாளே வாங்கி ஒருவர் பார்த்துவிடட்டும்; சொற்பிழை திருத்த எப்படியும் யாரோ பார்க்கத்தானே செய்கிறார்கள். ‘இந்த ஸ்லைடைப் படம் எடுக்க வேண்டாம்’ என்று சமர்ப்பிப்பவர் சொன்னால் அதைச் சபைக்குச் சொல்லி நிறுத்துவது அமர்வுத் தலைவரின் பொறுப்பு. நேரடி ஒளிபரப்பை அந்தப் பத்து நிமிடத்துக்கு நிறுத்தத் தொழில்நுட்பவியலாளருக்கு ஒரு சொடுக்குப் போதும்.

ஏற்கெனவே சமர்ப்பித்த கட்டுரை ஒன்றில் இப்படி ஏதாவது இருப்பது இதை வாசிக்கும்போது நினைவுக்கு வந்தால், தொகுப்பை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். திருத்திய சுருக்கத்தை அனுப்பி, பழைய பிடிஎஃப்பை மாற்றக் கேட்கலாம். காணொளியில் அந்தப் பகுதியை வெட்டக் கேட்கலாம். ஆய்வுக் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் தளத்தில் நீங்களே ஏற்றியிருந்தால் நீங்களே எடுத்துவிடலாம். அதோடு, தகவல் தந்தவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். எது எங்கே, எவ்வளவு நாளாக இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லி, வேறு எதை எடுக்க வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள்.