சூடு வைத்த மீட்டரா, தவறிய கணக்கா?

குழாய்வழி வரும் எரிவாயுவுக்கான பில் திடீரென்று இரட்டிப்பானால், வீட்டில் முதலில் எழும் சந்தேகம் மீட்டரின் மீதுதான். மீட்டருக்குச் சூடு வைத்துவிட்டார்களோ என்று கேட்கத் தோன்றும். அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் ஒரு மீட்டர் எந்த வழியில் பிழைபடும், எந்த அளவுக்குப் பிழைபடும் என்று தெரியாமல் எழுதப்படும் புகார், நியாயமானதாக இருந்தாலும் எளிதில் தள்ளுபடியாகிவிடும்.

எரிவாயு விளக்குகள் பரவத் தொடங்கிய காலத்தில் மீட்டரே கிடையாது. எத்தனை விளக்குகள், எத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டே கட்டணம் வாங்கினார்கள். இங்கிலாந்தின் சாமுவேல் கிளெக் 1815-ஆம் ஆண்டில், நீரில் பாதி மூழ்கிச் சுழலும் உருளையைக் கொண்டு வாயுவை அளக்கும் கருவியை உருவாக்கினார். நீர் இல்லாமல் இயங்கும் சவ்வு மீட்டர் 1840-களில் வந்தது. இன்றும் ஏராளமான வீடுகளின் சுவரில் தொங்கும் தகரப் பெட்டிக்குள் இருப்பது, பெரும்பாலும் அதே அமைப்புதான்.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு துருத்திகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் நெகிழும் சவ்வு ஒன்று உண்டு. அதன் இரு பக்கங்களையும் சேர்த்தால் மொத்தம் நான்கு அறைகள். ஓர் அறையில் வாயு நிறையும்போது சவ்வு நகர்ந்து, எதிர்ப்புற அறையில் உள்ள வாயுவை அடுப்பின் பக்கம் தள்ளுகிறது. சவ்வோடு இணைந்த கம்பிகள் வால்வுகளை மாற்றி மாற்றித் திறந்து மூடுவதோடு, பற்சக்கரங்களின் வழியே எண்களையும் சுழற்றுகின்றன. வீட்டு மீட்டர்களில் ஒரு முழுச் சுற்றுக்கு 1.2 லிட்டர் என்பது வழக்கமான அளவுகளில் ஒன்று. ஆக, மீட்டர் செய்வது படியால் தானியம் அளப்பதைப் போன்ற வேலைதான்: எத்தனை படி என்று எண்ணுகிறதே தவிர, படி நிறைந்ததா என்று அது பார்ப்பதில்லை.

பிழை நுழையும் இடமும் இதுவே. பழைய மீட்டர்களில் சவ்வு தோலால் ஆனது. ஈரப்பதம் மிகுந்த நிலக்கரி வாயு போய் உலர்ந்த இயற்கை வாயு வந்தபோது தோல் காய்ந்து சுருங்கியது. சுருங்கிய சவ்வு ஒவ்வொரு வீச்சிலும் முன்பைவிடக் குறைவான வாயுவையே தள்ளும். ஆனால் பற்சக்கரம் பழைய அளவையே எழுதும். படி நசுங்கிவிட்டது, எண்ணிக்கை மாறவில்லை, நட்டம் வாங்குபவருக்கு. இப்போதைய செயற்கை ரப்பர் சவ்வுகளில் இந்தச் சிக்கல் குறைவு என்றாலும், ஆண்டுகள் செல்லச் செல்ல அவையும் மாறக்கூடியவையே. மாறாக, வால்வு தேய்ந்தோ சவ்வில் துளை விழுந்தோ போனால், ஒரு பகுதி வாயு எண்ணப்படாமலே நழுவிவிடும். அப்போது மீட்டர் குறைவாகக் காட்டும். சிறு தீயில் எரியும்போது இந்த நழுவல் பெரிய விழுக்காடாகத் தெரியும். பழைய மீட்டர் என்றாலே வேகமாக ஓடும் என்று முடிவுகட்ட முடியாதது இதனால்தான்.

சட்ட அளவியலுக்கான சர்வதேச அமைப்பின் பரிந்துரைப்படி, வீட்டு மீட்டர்களில் பெரிதும் காணப்படும் 1.5 என்ற துல்லிய வகுப்பில் உள்ள புதிய மீட்டர், வழக்கமான ஓட்டத்தில் 1.5 விழுக்காடும், மிகக் குறைந்த ஓட்டத்தில் 3 விழுக்காடும் கூடவோ குறையவோ காட்டலாம். பயன்பாட்டில் உள்ள மீட்டருக்கு இந்த வரம்பு இரு மடங்காகிறது. எனவே 2 விழுக்காடு கூடுதலாகக் காட்டும் மீட்டர், சட்டத்தின் கண்ணில் சரியான மீட்டரே.

இனி, மீட்டரில் ஒரு குறையும் இல்லாமலே பில் ஏறும் வழியைப் பார்க்கலாம். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மீட்டர் அளப்பது கன அளவை. நாம் வாங்குவது வெப்பத்தை. வாயு சூடானால் விரியும். 15 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் இருக்கும் வாயு, 25 டிகிரியில் ஏறக்குறைய 1.035 கன மீட்டர் ஆகிறது. எரித்தால் கிடைக்கும் வெப்பமோ கூடுவதில்லை. ஆகவே வெயில் படும் சுவரில் உள்ள மீட்டரும் நிழலில் உள்ள மீட்டரும் ஒரே பயன்பாட்டுக்கு இரண்டு எண்களைக் காட்டலாம், இரண்டும் துல்லியமாகவே அளந்தும்கூட. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் உயரத்தில் வளியழுத்தம் சுமார் 3.5 விழுக்காடு குறைவதால், அங்கும் இதே அளவு வேறுபாடு வரும். இவற்றைச் சரிக்கட்டச் சில மீட்டர்களுக்குள்ளேயே வெப்பநிலைத் திருத்தம் உண்டு. மற்றவற்றுக்கு பில்லில் ஒரு சராசரித் திருத்த எண்ணைப் பெருக்குவார்கள். அந்த எண் நம் வீட்டுக்குப் பொருந்துகிறதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதன் பிறகு வெப்ப மதிப்பு, அதாவது ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் கிடைக்கும் வெப்பம். ஒரு கன மீட்டர் இயற்கை வாயுவில் 39.6 மெகாஜூல் இருந்தால், 3.6 மெகாஜூல் ஒரு யூனிட் என்ற கணக்கில் அது 11 யூனிட். இந்தப் பெருக்கல்களுக்கு நடுவே அலகு மாறிப்போனால் விளைவு விபரீதமாக இருக்கும். நூறு கன அடி என்பது 2.83 கன மீட்டர். கன மீட்டரில் ஓடும் மீட்டரை, நூறு கன அடியில் ஓடுவதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால், பில் ஏறத்தாழ மூன்று மடங்காகும். எந்தச் சவ்வும் இவ்வளவு சுருங்காது.

இதனால், மடங்குக் கணக்கில் ஏறிய பில்லுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது காகிதத்தையே. மீட்டரின் மேல் பொறித்த வரிசை எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, இல்லை பக்கத்து வீட்டு மீட்டருக்கு நாம் பணம் கட்டுகிறோமா? ரீடிங் நேரில் எடுத்ததா, உத்தேசமாகப் போட்டதா? புள்ளிக்குப் பின்வரும் சிவப்பு எண்களையும் முழு எண்ணாகச் சேர்த்துப் படித்துவிட்டார்களா?

காகிதம் சரியாக இருந்தால் மீட்டரிடம் போகலாம். எல்லா அடுப்புகளையும் அணைத்துவிட்டு, கடைசிச் சிவப்பு எண் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் அது பில் தகராறு அல்ல, கசிவு: முதன்மை வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்து, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து அவசர உதவியை அழைக்க வேண்டும். நகரவில்லை என்றால், 3 கிலோவாட் என்று குறிக்கப்பட்ட பர்னரை மட்டும் முழுத் தீயில் பத்து நிமிடம் எரியவிடுங்கள். அதற்கு 1.8 மெகாஜூல் தேவை. மேலே சொன்ன வெப்ப மதிப்பின்படி சுமார் 45 லிட்டர் ஓட வேண்டும். ஒரு சுற்றுக்குள் எண் சீராக நகராமல் விட்டுவிட்டு நகரும் என்பதால், ஒரு நிமிடத்தில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பர்னரில் எழுதிய திறனே சில விழுக்காடு முன்பின்னாக இருக்கும். வெப்ப மதிப்பைக் கணக்கிடும் இரு முறைகளுக்கிடையிலும் 10 விழுக்காடு வேறுபாடு உண்டு. ஆகவே 48 வந்தால் அதில் செய்தி இல்லை. 90 வந்தால் உண்டு.

அந்த நிலையில் எழுத்து மூலம் மீட்டர் சோதனை கோரலாம். மீட்டர் சரியென்று தெரிந்தால் சோதனைச் செலவு கேட்டவர் தலையில் விழுவது பல இடங்களில் வழக்கம் என்பதால், கட்டணத்தை முன்னரே விசாரித்துக்கொள்வது நல்லது. கழற்றும் முன் கடைசி ரீடிங்கையும் முத்திரையையும் வரிசை எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். சோதனை முடியும்வரை மீட்டரை அழிக்கக் கூடாது என்றும் எழுதிக் கொடுங்கள். புதியதை மாட்டிப் பழையதை அழித்துவிட்ட பிறகு, அதைச் சோதிக்க யாராலும் இயலாது.

ஆய்வகத்தில் மீட்டரையும் சோதனைக்கான காற்றையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்த பின், அளவு தெரிந்த காற்றைப் பல வேகங்களில் அதன் வழியே செலுத்திப் பார்ப்பார்கள். முடிவைக் கேட்கும்போது, தேறியது, தேறவில்லை என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு ஓட்ட வேகத்துக்கும் கிடைத்த பிழை விழுக்காட்டைத் தனித்தனியே கேட்டு வாங்குங்கள். பெரிய ஓட்டத்தில் சரியாக இருக்கும் மீட்டர் சிறிய ஓட்டத்தில் தவறலாம். அடுப்பு மட்டுமே எரியும் வீட்டில் மீட்டர் பெரும்பாலும் அந்தச் சிறிய ஓட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.