பிரிட்ஜில் பலமான கை வந்தால் முதலில் என்ன கேட்பது?

பிரிட்ஜ், இருவர் இருவராக அணி சேர்ந்து நால்வர் ஆடும் சீட்டாட்டம். எந்த இனத்தைத் துருப்பாக வைத்து எத்தனை பிடி எடுப்போம் என்று ஆட்டத்துக்கு முன் ஏலம் நடக்கும். ஆளுக்கு ஒரு சீட்டாக விழும் நான்கு சீட்டு ஒரு பிடி. இந்த ஏலத்தில் விதி அனுமதிக்கும் சொற்கள் மொத்தமே 15. 1 முதல் 7 வரை ஏழு எண்கள், கிளப், டைமண்ட், ஹார்ட், ஸ்பேட் என்று நான்கு இனங்கள், துருப்பே இல்லை என்னும் நோ டிரம்ப், பாஸ், எதிராளி கேட்டதன் மதிப்பெண்ணைப் பெருக்கும் டபுள், அதை மேலும் பெருக்கும் ரீடபுள். எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னருக்கு உங்கள் 13 சீட்டையும் இவற்றை வைத்தே புரியவைக்க வேண்டும். 13 சீட்டு சுமார் 63,500 கோடி விதமாக அமையலாம். கண் ஜாடை, குரலில் ஏற்ற இறக்கம் எதற்கும் இடமில்லை.

இதில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஒவ்வொரு கேட்பும் முந்தையதைவிட உயர்ந்திருக்க வேண்டும். எண்ணோடு ஆறைக் கூட்டினால் எடுக்க வேண்டிய பிடி; 1 கிளப் என்றால் 7 பிடி. 1 கிளப்பில் தொடங்கி 7 நோ டிரம்ப் வரை 35 படிகள். ஏறிய படியில் இறங்க முடியாது. எதிராளி உங்களுக்கு முன்பே 1 ஹார்ட் என்று தொடங்கிவிட்டால் கீழ்ப்படிகள் போயே போய்விட்டன. அதற்கு மேலே நீங்கள் ஒரு இனத்தைக் கேட்பதுதான் ஓவர்கால்.

சாதாரணக் கைக்கு இதில் பெரிய குழப்பம் இல்லை. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளி. சுமார் 8 முதல் 16 வரை இருந்து, நல்ல ஐந்து சீட்டு இனமும் இருந்தால் அதைக் கேட்கலாம். சிக்கல் 18 புள்ளி வரும்போதுதான். 1 ஸ்பேட் என்றால் பார்ட்னர் உங்களிடம் பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்றே நினைப்பார்.

அப்படியானால் ஒரு மட்டம் தாவி 2 ஸ்பேட் கேட்டால்? 1925-இல் அமெரிக்கச் செல்வந்தர் ஹரால்ட் வாண்டர்பில்ட் ஒரு கப்பல் பயணத்தின்போது, இன்று ஆடப்படும் வகையான கான்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை வகுத்தார். அதன்பின் வந்த ஆரம்பகால ஏல முறைகளில் தாவிக் கேட்டால் பலமான கை என்றே பொருள். எதிராளி சொன்ன இனத்தையே திருப்பிக் கேட்டால் மகா பலமான கை. இன்று பெரும்பாலானவர்கள் இரண்டையும் மாற்றிவிட்டார்கள். தாவல், ஆறு சீட்டு உள்ள நோஞ்சான் கைக்குப் போய்விட்டது. எதிராளி இனத்தைக் கேட்பது இரண்டு நீளமான இனங்கள் உள்ள கைக்குப் போய்விட்டது.

காரணம் நிகழ்தகவு. 18 அல்லது அதற்கு மேல் புள்ளி 100 கைக்கு நாலு கையில்தான் வரும். எதிராளி ஏற்கெனவே 12 புள்ளியைக் காட்டிவிட்ட பிறகு அது இன்னும் அபூர்வம். அந்த அபூர்வத்துக்காக ஒரு நல்ல கேட்பைப் பூட்டிவைப்பது வீண். மோர்ஸ் தந்தி முறையில் ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'ஈ' எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி கொடுத்ததும் இதே கணக்குதான். அடிக்கடி வரும் சேதிக்குக் குறைந்த செலவு, அபூர்வமானதற்கு அதிகச் செலவு. 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் இதைக் கணிதமாகவே எழுதிவைத்தார். பிரிட்ஜ்காரர்கள் மேசையில் தோற்றுத் தோற்றே கண்டுபிடித்தார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, பலமான கைக்கு என்ன மிச்சம்? டபுள். அதன் வழக்கமான பொருள், 'எதிராளியின் இனத்தில் எனக்குச் சீட்டு குறைவு, மற்ற மூன்றில் எது சொன்னாலும் தாங்குவேன்' என்பது. ஆனால் டபுள் சொல்லிவிட்டு, பார்ட்னர் கேட்டதைத் தள்ளிவிட்டு அடுத்த சுற்றில் உங்கள் இனத்தைக் கேட்டால் பொருளே மாறிவிடும்: 'எனக்கு 17, 18-க்கு மேல், என் இனம் இதுதான்.'

ஒரு கையைப் பார்ப்போம். ஸ்பேடில் ஏஸ், ராஜா, ராணி, 10, 6, 3. ஹார்ட்டில் ஏஸ், 8. டைமண்டில் ராஜா, ராணி, 4. கிளப்பில் 7, 2. மொத்தம் 18. வலப்பக்கத்து எதிராளி 1 ஹார்ட் என்று தொடங்குகிறார். பார்ட்னரிடம் ஸ்பேடில் ஜாக், 4. டைமண்டில் ஏஸோடு ஐந்து சீட்டு. ஹார்ட்டிலும் கிளப்பிலும் உருப்படியாக ஒன்றுமில்லை. வெறும் 5 புள்ளி. நீங்கள் 1 ஸ்பேட் கேட்டால் அவர் பாஸ் சொல்வார், அதில் தப்பே இல்லை. மற்றவர்களும் பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது. ஆடிப்பார்த்தால் ஸ்பேடில் ஆறு, ஹார்ட் ஏஸ், டைமண்டில் மூன்று என்று சாதாரணமாகவே 10 பிடி வருகிறது. 1 ஸ்பேடில் 10 பிடி எடுத்தால் 170. அதே 10 பிடியை 4 ஸ்பேடாகக் கேட்டிருந்தால், அந்த மட்டத்துக்கான போனஸும் சேர்ந்து 420. இங்கே டபுள் சொன்னால் பார்ட்னர் 2 டைமண்ட் கேட்பார், நீங்கள் 2 ஸ்பேட். இப்போது தன் ஏஸுக்கும் ஸ்பேட் ஜாக்குக்கும் என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரியும், உயர்த்துவார்.

இதைப் படித்துவிட்டு 17 வந்தாலே டபுள் என்று கிளம்பக் கூடாது. டபுள் வழி இரண்டு தவணையில் போகும் சேதி. முதல் தவணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இடப்பக்கத்து எதிராளி சும்மா இருக்கமாட்டார்.

இன்னொரு கை: ஸ்பேடில் ஏஸ், ராணி, 9, 6, 2. ஹார்ட்டில் ஒற்றை 4. டைமண்டில் ஏஸ், ராஜா, ஜாக், 7, 5. கிளப்பில் ராஜா, 8. 17 புள்ளி. வலப்பக்கம் 1 கிளப். டபுள் சொல்கிறீர்கள்; இடப்பக்கம் 3 கிளப் என்று தாவுகிறது; உங்களிடம் ஹார்ட் இருக்கும் என்று நம்பி பார்ட்னர் 3 ஹார்ட். 3 ஸ்பேட் கேட்கிறீர்கள். அவர் பிடிக்காமல் 4 ஹார்ட் என்கிறார். டைமண்டைச் சொல்ல வேண்டுமானால் இனி ஐந்தாவது மட்டத்தில்தான். முதலிலேயே 1 ஸ்பேட் கேட்டிருந்தால், 3 கிளப் வந்து பார்ட்னர் பாஸ் சொன்னாலும் 3 டைமண்ட் கேட்டு இரண்டு இனத்தையும் காட்டியிருக்கலாம். ஹார்ட்டில் ஒரே சீட்டு இருப்பதால், யாராவது அதைக் கேட்டு ஏலத்தை உயிரோடு வைத்திருப்பார்கள் என்ற தைரியமும் உண்டு.

ஆக, புள்ளியை எண்ணுவதைவிட, எதிராளி நடுவில் புகுந்தால் எந்தச் சேதியை முடிக்க முடியும் என்று பார்ப்பதே முக்கியம். ஆறு சீட்டோடு தன் காலில் நிற்கும் ஒற்றை இனம் என்றால் டபுள். எவ்வளவு உயரத்தில் சொன்னாலும் அது தாங்கும். இரண்டு இனம் இருந்தால் நீளமானதை, சமமென்றால் உயர்ந்ததை, முதலில் கேட்டுவிட வேண்டும். எல்லா இனமும் சமமாகப் பரவி, எதிராளி இனத்தில் தடுக்கச் சீட்டு இருந்து, 15 முதல் 18 புள்ளி என்றால் யோசனையே வேண்டாம்: 1 நோ டிரம்ப். 19, 20 என்றால் டபுள், அப்புறம் நோ டிரம்ப்.

இப்படி 17 புள்ளிக் கையும் ஓவர்காலுக்குள் வருவதால் பார்ட்னரின் வேலையும் கூடுகிறது. ஸ்பேடில் மூன்று சீட்டும் எங்கோ ஒரு ஏஸும் வைத்துக்கொண்டு 1 ஸ்பேடுக்குப் பாஸ் சொல்லக் கூடாது. 2 ஸ்பேட் என்று ஒருமுறை உயர்த்த வேண்டும். 10 புள்ளியோடு கேட்டவர் அங்கேயே நின்றுகொள்வார். 17 வைத்திருப்பவர் நேரே 4-க்குப் போவார்.