ரயில் பெட்டிக்குள் ஈயக் குண்டும் வெள்ளைப் பசையும் வேண்டாம்

மாடல் ரயில்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். பயணிகள் பெட்டியைக் கொண்டுவரும் பலர் சொல்லும் குறை, "வளைவில் தடம் புரளுது அண்ணே." சில பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும். அடித்தளம் கீழ்நோக்கிப் புடைத்திருக்கும். சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகி கோணலாக நிற்கும். கூரையைக் கழற்றினால் இருக்கைகளுக்கடியில் சாம்பல் நிறக் குண்டுகள், அவற்றைச் சுற்றி வெள்ளைப் பொடி.

எடை சேர்ப்பது தப்பில்லை. எச்.ஓ. அளவில், அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு அளவில், நீளமான பெட்டி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வரும். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டு மேசையில் வளைவுகள் இறுக்கம்; நீண்ட தொடரின் நடுவில் லேசான பெட்டி ஒன்று மாட்டினால், இழுபடும்போது உட்பக்கமாகச் சாய்ந்துவிடும். அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. எச்.ஓ. பெட்டிக்குப் பரிந்துரைப்பது 1 அவுன்ஸ், அதோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். கணக்குப் போட்டால் 200 கிராமை ஒட்டி வருகிறது. என்னைக் கேட்டால் சின்ன மேசைக்கு அவ்வளவு வேண்டாம், எல்லாப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே எடையில் இருந்தால் போதும்.

எதைப் போட்டு எடை ஏற்றுகிறோம் என்பதில்தான் வம்பு. ஈயக் குண்டை இடுக்கில் கொட்டி, மேலே பி.வி.ஏ. வெள்ளைப் பசையை ஊற்றி மூடிவிடுகிறார்கள். அந்தப் பசையிலிருந்து அசெட்டிக் அமிலம், வினிகரில் உள்ள அதே அமிலம், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதனுடன் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் ஈயம் அரித்து ஈயக் கார்பனேட் ஆகிவிடும். ஒரு காலத்தில் வெள்ளைப் பெயிண்டுக்கான நிறமியை வேண்டுமென்றே இப்படித்தான் தயாரித்தார்கள்! இப்படி உண்டாகும் பொருளுக்கு ஈயத்தைவிட அதிக இடம் வேண்டும். பிளாஸ்டிக் வளைகிறது, பிறகு விரிசல் விடுகிறது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில் ஈரத்துக்கா பஞ்சம்? பசைக்குப் பதில் சிலிகான் போடலாமே என்பார்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகானும் அதே அமிலத்தைத்தான் விடும்.

பெட்டி போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பொடிதான் என் கவலை. இங்கே பலருக்குச் சாப்பாட்டு மேசைதான் பட்டறை. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது அதிகம் பாதிக்கும். அதனால் பொடியைக் கண்டால் வாயால் ஊதாதீர்கள், பிரஷ்ஷால் தட்டாதீர்கள். கையுறை போட்டு ஈரத் தாளால் துடைத்து, அந்தத் தாளைப் பையில் கட்டிவிடுங்கள். முடித்ததும் மேசையையும் துடைத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஈயத்துக்குப் பதிலாக ஹார்ட்வேர் கடை எஃகு நட்டுகளே போதும். இருபக்க டேப்பால் அடித்தளத்தில், போகிகளுக்கு நடுவே தாழ்வாக ஒட்டுங்கள்; பிறகு கழற்றவும் வசதி. இடம் போதாவிட்டால் கனமான டங்ஸ்டன் உலோகத்தூள் கலந்த களிமண் இருக்கிறது, விலைதான் கடிக்கும்.

எடைக்கு அடுத்து எல்லாரும் கைவைப்பது உள்விளக்கில். எல்.இ.டி. பட்டை மினுக்காமல் இருக்க, மின்சாரத்தை ஒரே திசையில் ஓடச் செய்யும் ரெக்டிஃபையருக்குப் பின்னால், மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டர் வைப்பார்கள். கூட்டல் கழித்தல் முனைகள் மாறினால் கெப்பாசிட்டர் வெடிக்கக்கூடும். டி.சி.சி. என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஓடும் தண்டவாளத்தில் மின்னழுத்தம் 15 வோல்ட்டை ஒட்டி ஓடுவதால் 16 வோல்ட் கெப்பாசிட்டரை நம்ப முடியாது. மின்னணு உதிரிபாகக் கடைகள் உள்ள சிம் லிம் டவருக்குப் போனால் 25 வோல்ட் என்று கேட்டு வாங்குங்கள்.