வாக்யூம் எக்ஸ்கவேஷன்: வெற்றிட அகழ்வா, உறிஞ்சகழ்வா?

சாலையோரம் குழி எடுக்க வேண்டும். அடியில் மின் புதைவடமோ எரிவாயுக் குழாயோ ஓடுகிறது. அந்த இடத்தில் ஜேசிபியின் பல்லையோ கடப்பாரையின் முனையையோ இறக்காமல், மண்ணை நீராலோ காற்றாலோ பீய்ச்சி உதிர்த்து, உதிர்ந்ததைப் பருத்த குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் முறைக்குத்தான் வாக்யூம் எக்ஸ்கவேஷன் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘வெற்றிட அகழ்வு’ என்று வரும். இதைப் பார்த்தவுடன் யாரோ காலி மனையைத் தோண்டுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரி, பெயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுத் தமிழுக்கு வருவோம்.

இரண்டு சொற்களுமே இலத்தீன் வழி வந்தவை. ‘வாக்குவஸ்’ என்றால் வெறுமையான, ஒன்றுமில்லாத என்று பொருள், அதிலிருந்து ‘வாக்குவம்’. எக்ஸ்கவேஷனில் உள்ள ‘எக்ஸ்’ வெளியே என்பதைக் குறிக்கும், ‘கவாரே’ குடைதல். குகையைச் சொல்லும் ‘கேவ்’, பல் மருத்துவர் சொல்லும் ‘கேவிட்டி’ எல்லாம் இதே வேரில் கிளைத்தவைதான். ஆக, எக்ஸ்கவேஷனின் வேர்ப்பொருள் குடைந்து வெளியே எடுப்பது. இந்தப் பாதியில் சிக்கல் இல்லை. சிக்கல் முழுக்க வாக்யூமில் இருக்கிறது.

இயற்கை வெற்றிடத்தை வெறுக்கும், அதனால்தான் எதையாவது இழுத்து நிரப்பிக்கொள்கிறது என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 1643இல் இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி முன்வைத்த பாதரசக் குழாய்ச் சோதனையும், அடுத்த பத்தாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வான் கெரிக் இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளிருந்த காற்றை வெளியேற்றிக் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் எளிதில் பிரிக்க முடியாமல் போனதும் அந்த நம்பிக்கையை ஆட்டம் காண வைத்தன. வெற்றிடம் எதையும் இழுப்பதில்லை. வெளியில் இருக்கும் காற்றுதான் தள்ளுகிறது. கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறத்தாழ ஒரு கிலோ எடை அளவுக்குக் காற்று அழுத்துகிறது. ஒரு பக்கம் அதைக் குறைத்தால் மறுபக்கக் காற்று கையில் கிடைத்ததையும் அள்ளிக்கொண்டு பாய்ந்து வரும். நாம் உறிஞ்சுதல் என்கிறது இதைத்தான்.

வாக்யூம் என்ற சொல்லைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் ஹியூபர்ட் செசில் பூத் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். தூசியை ஊதி விரட்டும் கருவிகள் இருந்த காலத்தில், 1901இல் அவர் காற்றைத் திசை திருப்பி உறிஞ்சவைத்தார். அவருடைய எந்திரம் குதிரை வண்டியில் வந்து வாசலில் நிற்கும். நீண்ட குழாய்கள் மட்டும் ஜன்னல் வழியே வீட்டுக்குள் போகும். எந்திரம் வெளியே, குழாய் வேலை நடக்கும் இடத்தில் என்ற அந்த ஏற்பாடு இன்றைய உறிஞ்சு லாரியிலும் அப்படியே இருக்கிறது.

அந்த லாரிக்குள் உண்மையான வெற்றிடம் எதுவும் கிடையாது. ஊதுகருவி ஒன்று தொட்டியிலிருந்து காற்றை இடைவிடாமல் வெளியே தள்ளுவதால் உள்ளே அழுத்தம் குறைகிறது. குழாய் வாயில் புகும் காற்று மண், கூழாங்கல், சேறு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அகலமான தொட்டிக்குள் வந்ததும் காற்றின் வேகம் தணிந்து கனமானவை கீழே விழுந்துவிடும். மிஞ்சிய தூசியைச் சுழல்பிரிப்பானும் வடிகட்டியும் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நல்ல வெற்றிடமானாலும் நீரைச் சுமார் 10.3 மீட்டருக்கு மேல் உயர்த்த முடியாது என்று பாடத்தில் படித்திருப்போம். அப்படியென்றால் அதற்கும் கீழே இருக்கும் சேற்றை எடுக்க முடியாதா? எடுக்கலாம். சேறு குழாயில் முழுத் தம்பமாக ஏறாமல், காற்றோடு கலந்து துண்டுதுண்டாக மேலே வருகிறது. அதற்காகத்தான் அனுபவமுள்ளவர் குழாய் வாயைச் சேற்றில் முழுக்க அமுக்கிவிடாமல், அவ்வப்போது சற்றுத் தூக்கிக் காற்றைக் குடிக்கவிடுவார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இறுகிய மண்ணை உறிஞ்சல் தோண்டுவதே இல்லை. வீட்டுத் தோட்டத்து மண்ணில்கூட உறிஞ்சு குழாயை வைத்துப் பார்த்தால் மேலே கிடக்கும் தூசிதான் வரும். தோண்டும் வேலையை நீரோ காற்றோ செய்கிறது. நீர் முறையில் உயர் அழுத்த நீர் மண்ணைக் கரைத்துக் குழம்பாக்கும். களிமண்ணில் இது வேகமாக இறங்கும். உறைந்த நிலத்தில் நீரைச் சூடாக்கிப் பாய்ச்சுவார்கள். வெளியே வருவது சகதி என்பதால் அதை வேறிடம் கொண்டுபோய்க் கொட்டியாக வேண்டும். காற்று முறையில் ஒலியை விஞ்சும் வேகத்தில் பாயும் காற்று மண்ணின் நுண்துளைகளுக்குள் புகுந்து, அங்கே விரிந்து, மண்ணை உள்ளிருந்தே உடைக்கும். இரும்புக் குழாய்க்கும் வடத்தின் உறைக்கும் அப்படித் துளைகள் இல்லாததால் காற்று அவற்றை உடைப்பதில்லை. மரத்தின் வேர் அறுபடாமல் சுற்றியுள்ள மண்ணை மட்டும் நீக்குவதற்கு மரப் பராமரிப்பாளர்களும் காற்றைப் பீய்ச்சும் இதே நீண்ட கைக்குழாயை, அதாவது காற்று ஈட்டியை, பயன்படுத்துகிறார்கள். எடுத்த மண் உலர்ந்தே இருக்கும். குழியை மூட அதையே திருப்பிப் போடலாம். ஆனால் கெட்டிக் களியில் காற்று திணறும்.

‘பாதுகாப்பானது’ என்று விளம்பரத்தில் சொல்வதை அப்படியே நம்பவும் வேண்டாம். ஒரே இடத்தில் நேராக நிறுத்திப் பீய்ச்சினால் நீர் வடத்தின் உறையைக் கிழித்துவிடும், குழாயின் மேற்பூச்சை உரித்துவிடும். அதனால் வடமோ குழாயோ ஓடும் தடத்தை நெருங்கும்போது அழுத்தத்தைக் குறைத்து, சுழலும் முனையைப் போட்டு, ஈட்டியை அசைத்துக்கொண்டே இருப்பார்கள். குழிக்குள் முதலில் எச்சரிக்கை நாடாவோ, சுற்றியுள்ள மண்ணின் நிறத்தோடு ஒட்டாத நிரப்பு மணலோ தெரியும். அதைப் பார்த்ததும் கை தன்னால் மெதுவாகும். அப்புறம்தான் வடத்தின் முதுகு வெளியே வரும். வெளிப்பட்ட வடம் நீளமாக அந்தரத்தில் தொங்கினால் அதற்குத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

இனி தமிழ். தோண்டுவதற்கு நம்மிடம் சொற்பஞ்சமே இல்லை. அகழ், தோண்டு, குடை, கல்லு, பறி என்று வரிசையாக வரும். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்று குறளில் உள்ள அகழ்தான் அகழி, அகழாய்வு, அகழ்வு எல்லாவற்றுக்கும் அடி. ‘தொட்டனைத்து ஊறும் மணற்கேணி’ என்பதில் ‘தொடு’ என்றால் தோண்டு. நம் பொருளுக்கு அழகாகப் பொருந்தும் சொல்தான், ஆனால் இன்று ‘தொடாதே’ என்றால் யாரும் தோண்டாதே என்று எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அகழ்வே போதும், அகழாய்வைத் தொல்லியலுக்கு விட்டுவிடலாம்.

முன்பாதிக்கு வெற்றிடம் வேண்டாம் என்பேன். இயற்பியல் பாடத்தில் அது சரியான சொல். இங்கேயோ எந்திரத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது, நடக்கும் வேலையைச் சொல்லவில்லை. உறிஞ்சு, அகழ்வு இரண்டையும் சேர்த்தால் குற்றியலுகரம் கெட்டு ‘உறிஞ்சகழ்வு’ என்றாகும். வாய்க்கும் எளிது. இரு வகைகளையும் பிரிக்கும்போது ‘நீர் உறிஞ்சகழ்வு’ என்று எழுதினால் நீரை உறிஞ்சுவது போல ஆகிவிடும். ‘நீர்வழி உறிஞ்சகழ்வு’, ‘காற்றுவழி உறிஞ்சகழ்வு’ என்றால் குழப்பமில்லை. ஹைட்ரோவாக் என்பது முதல் வகைக்கு வழங்கும் சுருக்கப் பெயர்.

கூடவே வரும் சொற்களில் புதைவடமும் புதைகுழாயும் ஏற்கெனவே நன்றாக இருக்கின்றன. தடம் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சிறு குழி எடுக்கும் பாட்ஹோலிங் என்பதைச் சோதனைக்குழி என்று சொல்லிவிடலாம். டேலைட்டிங் என்றால் புதைந்த தடத்தைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது; ‘திறந்து காட்டல்’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் அந்த வேலையின் நோக்கமே கண்ணால் பார்ப்பது. அமெரிக்கக் குடிசார் பொறியாளர் சங்கம் 2002இல் வெளியிட்டு 2022இல் திருத்திய நிலத்தடித் தட நெறிமுறையில் தகவலுக்கு நான்கு தரங்கள் உண்டு. பழைய வரைபடத்தை நம்பினால் கடைசித் தரமான டி. மேன்ஹோல் மூடி போல மேலே தெரிவதை அளந்து வரைபடத்தோடு ஒப்பிட்டால் சி. கருவியால் நிலத்தடியைத் தேடினால் பி. குழி எடுத்து, தடத்தை நேரில் பார்த்து, அதன் இடத்தையும் ஆழத்தையும் அளந்தால் மட்டுமே ஏ. உறிஞ்சகழ்வுக்கு இவ்வளவு வேலை வருவதற்கு அந்த ஏ தரமும் ஒரு காரணம்.

ஒப்பந்த ஆவணத்திலோ வேலைக்குறிப்பிலோ எழுதுவதானால், முதல் முறை ‘வாக்யூம் எக்ஸ்கவேஷன் எனப்படும் உறிஞ்சகழ்வு’ என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து உறிஞ்சகழ்வு என்று மட்டும் எழுதலாம்: ‘புதைவடத்தின் இருபுறமும் குறித்த எல்லைக்குள் எந்திரப் பல் இறங்கக் கூடாது, உறிஞ்சகழ்வு முறையில் மட்டுமே மண் எடுக்க வேண்டும்.’