அறுபது வயது டிராக்டர் மறுபடி ஓடுவது எப்படி

அமெரிக்காவின் விஸ்கான்சின், இந்தியானா, ஒஹையோ பக்கத்துப் பண்ணை ஏலங்களுக்குப் பழைய தோட்ட டிராக்டர் தேடிப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கொட்டகை மூலையில் தூசி படிந்து நிற்கும் வண்டியின் அருகே குனிந்து, இன்ஜினோடு சேர்ந்து சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். அதுவும் இன்ஜின் ஓடும் திசைக்கு எதிர்த்திசையில். ஓரிடத்தில் அது இறுகி, கையை வெடுக்கென்று திருப்பித் தள்ளினால் விலை பேசத் தொடங்கிவிடுவார்கள். பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை, பல வருடங்களாக ஓடியதும் இல்லை. ஆனாலும் உள்ளே பிஸ்டனும் வால்வுகளும் எப்படி இருக்கின்றன என்பதை அந்தத் தள்ளல் சொல்லிவிடுகிறது. ஏன் எதிர்த்திசை என்பதற்குப் பிறகு வருகிறேன். வண்டியை முதலில் பார்த்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்களின் ஓரங்களில் பெரிய மனைகளோடு வீடுகள் எழுந்தன. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் நிலம். புல் வெட்ட வேண்டும், காய்கறிப் பாத்திக்கு உழ வேண்டும், குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும். பண்ணை டிராக்டர் இதற்குப் பெரிது, கையால் தள்ளும் இயந்திரம் போதாது. 1946இல் இந்தியானாவின் சவுத் பெண்ட் நகரில் சிறு டிராக்டர்களைச் செய்யத் தொடங்கிய வீல் ஹார்ஸ், 1961இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கொண்டுவந்த கப் கேடட், 1963இல் ஜான் டியர் வெளியிட்ட 110 ஆகியவை இந்த இடைவெளியை நிரப்பிய வண்டிகள். சிம்ப்ளிசிட்டி, போலன்ஸ், கேஸ் என்று வேறு பெயர்களும் உண்டு. பண்ணை டிராக்டர் கட்டிப் பழகிய நிறுவனங்கள் அதே சிந்தனையோடு சிறிய வண்டியைக் கட்டியதுதான் இவற்றின் சிறப்பு. முதல் கப் கேடட்டின் கியர் பெட்டியும் பின் அச்சும் ஃபார்மால் கப் என்ற பண்ணை டிராக்டரின் வழியில் வந்தவை.

அந்த முதல் கப் கேடட்டில் இருந்தது வெறும் 7 குதிரைத்திறன் இன்ஜின். நம் ஊர் 125 சிசி ஸ்கூட்டரே 8 குதிரைத்திறன் தருகிறது. அப்படியிருக்க இது ஏர் உழுதது எப்படி? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 7 குதிரைத்திறன் என்பது சுமார் 5.2 கிலோவாட். இன்ஜின் நிமிடத்துக்கு 3600 சுற்று சுற்றும்போது அதன் முறுக்குவிசை 14 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி போகும்போது பின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 முறைதான் சுற்றும். அதாவது வேகம் எண்பதில் ஒரு பங்காகக் குறைகிறது, முறுக்குவிசை எண்பது மடங்கு ஏறுகிறது. கியர்களில் போகும் இழப்பைக் கழிக்காமல் பார்த்தால் 1100 நியூட்டன் மீட்டர். டயர் மண்ணைத் தள்ளும் விசை 380 கிலோ எடைக்குச் சமம்.

சுமார் 300 கிலோ எடையுள்ள வண்டி இவ்வளவு விசையை மண்ணில் இறக்க முடியாது. அதற்கு முன்பே சக்கரம் வழுக்கிச் சுற்றிவிடும். ஆக, இந்த வண்டிகளில் உழவின் எல்லையைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, பின் சக்கரத்தின் மேல் இருக்கும் எடை. அதனால்தான் சக்கரத்தில் மாட்டும் இரும்பு எடைகளையும் டயருக்குள் திரவம் நிரப்புவதையும் அக்காலத்தில் வழக்கமாக வைத்திருந்தார்கள். அந்தத் திரவம் பல நேரம் கால்சியம் குளோரைடு கரைசல். கடுங்குளிரிலும் உறையாது, தண்ணீரைவிடக் கனமானது. ஆனால் ஒரு சிறு கசிவு போதும், ரிம் அரித்துப்போகும். பழைய வண்டி வாங்குகிறவர் வால்வு டியூப் வரும் துளையைச் சுற்றி வெள்ளைப் பொருக்கும் துருவும் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

இனி இன்ஜின். 1960களின் நல்ல தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் கோலர் நிறுவனத்தின் கே வரிசை இன்ஜின்கள் இருந்தன. ஒற்றை சிலிண்டர், காற்றால் குளிர்வது, வார்ப்பிரும்பு உடல். வால்வுகள் பிஸ்டனுக்கு மேலே இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில், மேல்நோக்கி நிற்கும். 1950களின் கடைசியில் வந்த முதல் அம்பாசடர் கார்களிலும் இதே பக்கவாட்டு வால்வு அமைப்புதான். இந்த அமைப்பில் எரியறை பக்கவாட்டில் அகன்றுவிடுவதால் கலவையை அதிகம் அழுத்த முடியாது, திறனும் குறைவு. 8 குதிரைத்திறன் தரும் கே181 இன்ஜினின் கொள்ளளவு 305 சிசி. அதே திறனுக்கு ஸ்கூட்டருக்கு 125 சிசி போதும்.

திறனில் இழந்ததை அது வேறு வழியில் ஈடுகட்டியது. மேல் மூடியில் வால்வோ ஸ்பிரிங்கோ எதுவும் இல்லை; போல்ட்டுகளைக் கழற்றினால் தனியாக வந்துவிடும், பிஸ்டனும் வால்வுகளும் கண்ணெதிரே. சிலிண்டர் வார்ப்பிரும்பு என்பதால் தேய்ந்த சுவரை லேத் பட்டறையில் கடைந்து, ஓர் அங்குலத்தில் நூறில் ஒன்று, இரண்டு, மூன்று பங்கு பெரிய பிஸ்டன் போடலாம். பிஸ்டனின் மேல்கீழ் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டு தேய்ந்தால் சாணை பிடித்து, பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராடை அதற்கேற்ற அளவில் மாற்றலாம். மெல்லிய சுவர் கொண்ட பல மலிவான அலுமினிய இன்ஜின்களில் தேய்மானம் வந்தால் கதை அத்தோடு முடிந்தது. கே வரிசையில் தேய்மானம் வரும் என்பதை வடிவமைக்கும்போதே எண்ணி, அதற்கு இரும்பை மிச்சம் வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில், இந்த வண்டிகள் இன்றும் ஓடுவதற்கு முதல் காரணம் இதுவே.

அதற்கும் பலவீனம் உண்டு. உள்ளே ஆயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு துடுப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஆயிலில் முங்கி அதைச் சிதறடிக்கும். அந்தச் சாரல்தான் எல்லாப் பாகத்துக்கும் மசகு. அலுமினிய ராடு நேராகக் கிராங்கின் மேல் சுழல்கிறது, நடுவே தனி பேரிங் இல்லை. ஆயில் மட்டம் இறங்கினாலோ, செங்குத்தான சரிவில் நெடுநேரம் ஓட்டினாலோ துடுப்பு காற்றைத்தான் அடிக்கும். ராடு உடைந்து இன்ஜின் உடலையே துளைத்துக்கொண்டு வந்த வண்டிகள் ஏலங்களில் கிடைப்பது இதனால்தான்.

ஸ்டார்ட் செய்யும் முறைதான் எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி. இன்ஜினின் பக்கவாட்டில் உருளை வடிவத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து கிராங்குக்கு ஒரு பெல்ட். சாவியைத் திருப்பினால் அது மோட்டாராகி இன்ஜினைச் சுழற்றும். இன்ஜின் பற்றிக்கொண்டதும் அதே பெட்டி டைனமோவாகி பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும். காந்தப்புலத்தில் சுருள் சுழன்றால் அதில் மின்னழுத்தம் பிறக்கும். மோட்டாராக ஓடும்போதும் இந்த அழுத்தம் உள்ளே பிறந்து பேட்டரியை எதிர்த்துக்கொண்டே இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது பேட்டரி ஜெயிக்கிறது, மின்சாரம் உள்ளே போகிறது. இன்ஜின் அதை வேகமாகச் சுழற்றத் தொடங்கியதும் உள்ளே பிறக்கும் அழுத்தம் பேட்டரியை மிஞ்சுகிறது, மின்சாரம் திரும்பி ஓடுகிறது. தொடக்க வேலைக்குத் தடித்த கம்பிச் சுற்றும், சார்ஜ் வேலைக்கு மெல்லிய சுற்றும் தனித்தனியே உண்டு. இன்ஜின் நின்றபின் பேட்டரி வீணாகாமல் இணைப்பைத் துண்டிக்க ஒரு ரிலே. இன்று மாருதியின் ஹைபிரிட் கார்களில் பெல்ட்டோடு வரும் ஸ்டார்ட்டர் ஜெனரேட்டருக்கும், சத்தமில்லாமல் ஸ்டார்ட் ஆகும் ஸ்கூட்டர்களுக்கும் அடிப்படை இதே இயற்பியல்தான்.

நெடுநாள் கிடந்த வண்டியில் இந்த டைனமோ சில நேரம் சார்ஜ் ஏற்றாது. பழுது என்று தூக்கிப்போட வேண்டியதில்லை. முதல் பொறி மின்சாரம் பிறக்க, இரும்பில் ஒட்டியிருக்கும் மிச்சக் காந்தம் வேண்டும். அது காலப்போக்கில் மங்கிவிடும், அல்லது பேட்டரியை முனை மாற்றி இணைத்ததால் தலைகீழாகியிருக்கும். மேனுவல் சொல்லும் முனைகளில் பேட்டரி மின்சாரத்தை ஒரு கணம் தொட்டுக் காட்டினால் காந்தம் திரும்ப ஏறிவிடும்.

பெல்ட் வழியாகப் பெரிய ஒற்றை பிஸ்டனின் அழுத்தத்தை எதிர்த்துச் சுழற்றுவது சுலபமில்லை, பெல்ட் வழுக்கும். அதற்காக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டில் ஒரு சிறு நாக்கு வைத்தார்கள். மெதுவாகச் சுழலும்போது அது எக்ஸாஸ்ட் வால்வை மயிரிழை அளவு திறந்து பிடித்து, அழுத்தத்தை வெளியே விடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 650 சுற்றைத் தாண்டியதும் மையவிலக்கு விசையால் நாக்கு ஒதுங்கிக்கொள்ளும், முழு அழுத்தம் வந்துவிடும். ஆகவே நல்ல இன்ஜினையும் கையால் நேர்த்திசையில் சுற்றினால் அழுத்தமே இல்லாதது போலத்தான் தெரியும். எதிர்த்திசையில் சுற்றும்போது, வழக்கமாக எரிந்து தள்ளும் வீச்சில் பிஸ்டன் பின்னோக்கி மேலேறுகிறது. அந்த வீச்சில் இரண்டு வால்வும் மூடியிருக்கும், நாக்குக்கு அங்கே வேலை இல்லை. காற்று அடைபட்டு, கையைத் திருப்பித் தள்ளுகிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளும் வால்வுகளும் காற்றைப் பிடிக்கின்றன என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. பிளக் வயரைக் கழற்றிவிட்டுச் செய்வது நல்லது.

சுற்றவே மறுத்தால்? பெரும்பாலும் துரு. இரும்பு துருவாகும்போது கன அளவில் பெருக்கிறது. ரிங்குக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளியை அது அடைத்து ஆப்பு போல இறுக்கிவிடும். மூடியைக் கழற்றி, துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி நாள்கணக்கில் ஊறவிட்டு, மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டுவார்கள். அமெரிக்கப் பட்டறைகளில் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான எண்ணெயும் சரிபாதி கலந்து ஊற்றுவதும் உண்டு. தீப்பொறி அண்டாத இடத்தில் மட்டும் செய்ய வேண்டிய வேலை. பொறுமை இழந்து ஓங்கி அடித்தால் அலுமினிய பிஸ்டன் உடைந்துவிடும்.

வெளிப்பாகங்களின் துருவுக்கு மின்னாற்பகுப்பு அருமையான வழி. தண்ணீரில் சலவை சோடா கரைத்து, துருப்பிடித்த பாகத்தை பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும் ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து மூழ்கவைக்க வேண்டும். துரு தளர்ந்து உதிரும், நல்ல இரும்பு கரையாது. நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைந்துவிடும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் திறந்தவெளி கட்டாயம்.

சக்கரத்துக்குச் சக்தி போகும் விதத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழி வேறு. ஜான் டியர் 110இல் ஸ்கூட்டர் மெக்கானிக்குகளுக்குப் பழகிய வேரியேட்டர்: நடுவிலுள்ள புல்லியின் தட்டு நகர்ந்து, ஒரு பெல்ட்டுக்கு விட்டம் கூட மற்றதற்குக் குறையும், கியர் மாற்றாமலே வேகம் மாறும். கேஸ் நிறுவனத்தின் வண்டிகளில் எண்ணெய் பம்ப் ஒன்று பின் அச்சிலுள்ள எண்ணெய் மோட்டாரைச் சுழற்றும். 1960களின் நடுவில் வந்த கப் கேடட் 123இல் இன்னும் நுட்பமான பம்ப். வட்டமாக அடுக்கிய குட்டிப் பிஸ்டன்கள் ஒரு தட்டின் மேல் உருண்டோடும். தட்டு நேராக இருந்தால் பிஸ்டன்கள் அசையாது, வண்டி நிற்கும். தட்டைச் சாய்க்கச் சாய்க்க வீச்சு கூடி எண்ணெய் அதிகம் பாயும். எதிர்ப்பக்கம் சாய்த்தால் எண்ணெய் திரும்பி ஓடி வண்டி பின்னோக்கிப் போகும். கிளட்சும் கியரும் தொடாமல், ஒரே நெம்புகோலில் எல்லாம்.

வர்ணத்திலும் தடயம் உண்டு. 1969இல் ஜான் டியர் தன் பச்சையை விட்டு, வெள்ளை உடலுக்கு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், நீலம் என்று நான்கு நிற பானெட் மூடிகளோடு பேட்டியோ வரிசையை விற்றது. பச்சை வண்டி என்று வாங்கியதன் மூடியை உப்புத்தாள் கொண்டு தேய்க்கும் முன், ஒரு மூலையைச் சுரண்டி அடியில் என்ன நிறம் என்று பார்த்துக்கொள்வது மேல்.

வெட்டும் கத்திகள் விஷயத்தில் மட்டும் பழமையைக் காப்பாற்ற வேண்டாம் என்பேன். 40 சென்டிமீட்டர் கத்தி நிமிடத்துக்கு 4000 முறை சுற்றினால் அதன் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அமெரிக்கத் தரவிதி நுனி வேகத்துக்கு நிமிடத்துக்கு 19,000 அடி என்று எல்லை வகுத்திருக்கிறது, அது மணிக்கு 350 கிலோமீட்டர் அளவு. இக்கால வண்டிகளில் கத்தி ஓடும்போது ஓட்டுநர் எழுந்தாலே இன்ஜின் நிற்கும். 1960களின் வண்டிகளில் அந்த ஏற்பாடு இல்லை. பேட்டரி இக்னிஷன் உள்ள இன்ஜினில் அதைச் சேர்ப்பது கடினமில்லை. பிளக்கின் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குப் போகும் கம்பியில் இரண்டு சுவிட்சுகளை இணையாக வைக்க வேண்டும்: இருக்கையில் ஆள் இருந்தால் மூடுவது ஒன்று, கத்தி துண்டிக்கப்பட்டிருந்தால் மூடுவது இன்னொன்று. ஏதாவது ஒன்று மூடியிருந்தால் இன்ஜின் ஓடும். கத்தி இணைந்திருக்கும்போது ஓட்டுநர் இறங்கினால் இரண்டும் திறந்து, காயிலுக்கு மின்சாரம் நின்றுவிடும்.