தண்ணீர் குடிக்கும் பிரேக் ஆயில்

புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோயிலில் தீமிதி பார்த்துவிட்டு டர்பனின் சாட்ஸ்வொர்த்துக்குத் திரும்பிய இளைஞர் ஒருவர் எனக்கு நீளமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். சுருக்கித் தருகிறேன்.

இருபது வயதுச் சின்ன வண்டி. உள்ளே ஐந்து பேர், பின்னால் பாத்திர பண்டங்கள். ‘என்3’ (N3) நெடுஞ்சாலையில் நெரிசல் என்று ஹில்கிரெஸ்ட், க்ளூஃப் வழியாக எம் 13 சாலையில் வந்திருக்கிறார். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம் முழுவதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. பிரேக்கும் குறை வைக்கவில்லை. இறங்கி முடித்து, பைன்டவுன் ரோபோவில் சிவப்புக்கு நின்றிருக்கிறார். (ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் போக்குவரத்து விளக்கின் பெயர் ரோபோ. வந்த புதிதில் ‘ரோபோவில் இடப்பக்கம் திரும்பு’ என்று வழி சொன்னவரை நான் சந்தேகமாகப் பார்த்திருக்கிறேன்.) பச்சை விழுந்ததும் நகர்ந்து, அடுத்த ரோபோவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை போய்விட்டது. பதறிப்போய் நாலைந்து முறை மிதித்து, கைபிரேக்கை இழுத்து எப்படியோ நிறுத்திவிட்டார். பக்கத்திலேயே சித்தி வீடு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வந்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டியாக இருக்கிறது. பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கோளாறில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பாட்டி, கண்ணேறு என்கிறார். “அங்கிள், என்னதான் நடந்தது? இதை நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா?”

முடியும். ஆனால் அதற்கு முன் அந்த ரோபோவைப் பற்றிப் பேச வேண்டும். முழு இறக்கத்தையும் தாங்கிய பிரேக், வேலை முடிந்து சும்மா நின்ற பிறகு ஏன் கைவிட்டது?

பள்ளிப் பாடத்தை ஓட்டமாக ஓடிவிடலாம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் நகர்கிறது. குழாயில் நிரம்பியிருக்கும் திரவம் அந்த அழுத்தத்தை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. பாஸ்கல் விதிதான். சக்கரத்தருகே காலிப்பர் என்னும் பிடிக்குள் இருக்கும் பெரிய பிஸ்டன், பேடை (உராய்வுத் தகட்டை) சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கோடு அழுத்துகிறது. உராய்வு, வெப்பம், வண்டி நிற்கிறது. இதெல்லாம் நடக்க ஒரே ஒரு நிபந்தனை: இடையில் இருக்கும் திரவம் அமுங்கக் கூடாது.

வெப்பம் எவ்வளவு என்று ஒரு தோராயக் கணக்கு. ஆட்களோடு வண்டி 1,300 கிலோ, இறக்கம் 200 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 25 லட்சம் ஜூல். அறை வெப்பநிலையில் உள்ள ஏழு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான ஆற்றல் அது. எஞ்சினும் எதிர்க்காற்றும் கொஞ்சம் பங்கெடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் நான்கு சக்கரங்களின் தலையில், பெரும்பங்கு முன்சக்கரங்கள் இரண்டின் தலையில்.

இனி நமது கதாநாயகன். பிரேக் ஆயில் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்கிறேன். ஆனால் அது எண்ணெயே இல்லை. கிளைக்கால் ஈத்தர் என்னும் வகையைச் சேர்ந்த சேர்மங்களின் கலவை. பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊறி உப்பி வீணாகிவிடும். எண்ணெய் தண்ணீரோடு சேராது. இதுவோ தண்ணீரைத் தேடிப் போய்ச் சேர்த்துக்கொள்ளும். டர்பனில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் உப்பு ஜாடிக்குள் கைவிட்டவர்களுக்கு இந்தக் குணம் தெரிந்திருக்கும். ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும், மாஸ்டர் சிலிண்டருக்குத் திரவம் தரும் டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. கசிவு எதுவும் வேண்டியதில்லை.

இது வடிவமைப்பில் நேர்ந்த பிழை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன். தண்ணீரோடு சேராத சிலிக்கோன் திரவமும் இருக்கிறது, டாட் 5 என்று பெயர். அதில் உள்ளே வந்த தண்ணீர் கரையாமல் தனியாக நிற்கும். எங்கே போய் நிற்கும்? இருப்பதிலேயே தாழ்வான இடத்தில், அதாவது காலிப்பரில். இருப்பதிலேயே சூடான இடமும் அதுதான். அங்கே தனித்தண்ணீராக நின்று துருப்பிடிக்க வைக்கும். 100 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்குப் பதில் ஈரத்தை மொத்தத் திரவத்திலும் பரப்பிக் கரைத்துவிடுவது எவ்வளவோ நல்லது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

கிளைக்கால் வகையில் டாட் 3, டாட் 4 என்று தரப் பிரிவுகள் உண்டு. புத்தம் புது டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் 155 டிகிரி தாங்கினால் போதும் என்கிறது அதே விதி. டாட் 3 என்றால் 205, 140. நூற்றில் நாலு பங்குகூட இல்லாத தண்ணீர் 75 டிகிரியை விழுங்கிவிடுகிறது. இது எப்படி என்று யோசித்து நான் ஒரு சாயங்காலம் முழுவதும் காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிறேன். விடை தலை எண்ணிக்கையில் இருக்கிறது.

கல்யாண மண்டபத்தில் கூடியவர்களை எல்லாம் நிறுத்தித் தராசில் போடுங்கள். மொத்த எடையில் கைக்குழந்தைகளின் பங்கு அற்பம்தான். ஆனால் தலையை எண்ணினால் நாலில் ஒன்று குழந்தையாக இருக்கலாம். தண்ணீர் மூலக்கூறின் எடை 18. பிரேக் ஆயிலின் மூலக்கூறு அதைப்போல ஒன்பது, பத்து மடங்கு கனமானது. ஆகவே 3.7 சதவீதம் என்று அடக்கமாக எழுதியிருக்கும் தண்ணீர், எண்ணிக்கைப்படி நாலு மூலக்கூறுக்கு ஒன்று. கொதிப்பதும் ஆவியாவதும் எடையைப் பார்த்து நடப்பதில்லை, திரவத்தை விட்டுத் தப்பி ஓடத் துடிக்கும் தலைகளைப் பார்த்துத்தான் நடக்கிறது. மண்டபக் கதவைத் திறந்தால் முதலில் வெளியே ஓடுகிறவர்கள் யார்? பெரியவர்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குள் குழந்தைகள் வாசலில் நிற்பார்கள். 155 டிகிரியில் தனித்தண்ணீருக்கு வளிமண்டலத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் ஆவியழுத்தம் உண்டு. அதில் கால் பங்கு என்றாலே வளிமண்டலத்தை மிஞ்சிவிடுகிறது. குமிழி வந்துவிட்டது.

குமிழி வந்தால் என்ன? ஒரு சொட்டுத் தண்ணீர் ஆவியானால் அதைப்போல 1,600 மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். சொட்டு என்பது 0.05 மில்லிலிட்டர் என்றால் ஆவி 80 மில்லிலிட்டர். சின்ன வண்டியில் பெடலை முழுக்க மிதித்தாலும் மாஸ்டர் சிலிண்டர் தள்ளுவது ஒரு மேசைக்கரண்டி அளவுதான். மிதித்த மிதி முழுவதும் ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும். பேடுக்கு மிச்சம் ஒன்றும் போய்ச் சேராது. நாலைந்து முறை அடுத்தடுத்து மிதித்தது நல்ல காரியம்: ஒவ்வொரு மிதியும் டப்பாவிலிருந்து புதிதாகக் கொஞ்சம் திரவத்தைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கைபிரேக் கம்பியில் இயங்குவது, அதற்குத் திரவமே வேண்டாம்.

சரி, ரோபோவுக்கு வருவோம். நம்முடைய நண்பர் மலை முழுவதும் காலை எடுக்கவில்லை என்று எழுதியிருந்தார். விடை அந்த ஒரு வரியில் இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும் வரை குழாய்க்குள் வளிமண்டலத்தைப் போல் பல மடங்கு அழுத்தம். அழுத்தம் ஏறினால் கொதிநிலை ஏறும் என்று குக்கர் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். 155 டிகிரியில் கொதிக்க வேண்டிய திரவம், அதைத் தாண்டிச் சூடான பிறகும் கொதிக்க முடியாமல் அடங்கிக் கிடந்தது. கீழே வந்து நின்றார். வீசிக்கொண்டிருந்த காற்று நின்றுபோயிற்று. பழுக்கச் சூடேறிய டிஸ்க்கோடு பேடை அழுத்திப் பிடித்தபடியே நின்றதால் வெப்பம் பேட் வழியாக, பிஸ்டன் வழியாக, திரவத்துக்குள் நிதானமாக இறங்கியது. பச்சை விழுந்தது. காலை எடுத்தார். அந்தக் கணத்தில் குக்கரின் மூடி திறந்தது. அழுத்தம் விழுந்ததும் திரவம் குபீரென்று கொதித்தது. அடுத்த மிதி பஞ்சு. ஒரு மணி நேரத்தில் ஆறியதும் ஆவி மறுபடி நீராகித் திரவத்தில் கரைந்துவிட்டது. பட்டறைக்காரர் தேடியபோது அகப்பட அங்கே எதுவும் மிச்சமில்லை. அவரைக் குறை சொல்லவும் மாட்டேன், டப்பாவைத் திறந்து ஈரத்தைச் சோதித்திருக்கலாம் என்பதைத் தவிர.

ஃபீல்ட்ஸ் ஹில் என்றதும் இந்த ஊரில் யாருக்கும் 2013 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி கட்டுப்பாடிழந்த லாரி ஒன்று அதே இறக்கத்தின் அடியில் மினிபஸ் டாக்சிகள் மீது மோதி 24 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கனரக லாரிகளுக்கு அந்த இறக்கம் மூடப்பட்டது. பெரிய லாரிகளின் பிரேக் அழுத்தக் காற்றில் இயங்குவது, அதன் கோளாறுகள் வேறு. ஆனால் மலைக்கு லாரி, கார் என்ற பேதம் கிடையாது. இந்த நாட்டில் சொந்தக் கார் ஒன்றைக் கைமாற்றும்போது மட்டும்தான் தகுதிச் சான்று கட்டாயம். பதினைந்து வருடம் ஒருவரே ஓட்டினால் பதினைந்து வருடமும் யாரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை காலையில் கேள்வி அனுப்பிய இளைஞரின் வீட்டுக்கே போனேன். வேலை கடினமானதில்லை, ஆனால் ஒழுங்கு வேண்டும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தடியில் தலையை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். சக்கரத்தைக் கழற்றியதும் கரியாக ஒரு தூசு. அவர் அதை ஊதப் போனார். தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். பழைய பேடுகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருந்தது. இந்த நாட்டின் வடமேற்குக் கேப் பகுதியில் நீலக் கல்நார் வெட்டினார்கள். நுரையீரல் உறை புற்றுநோயாளிகள் 33 பேரை ஆராய்ந்து, ஒருவர் தவிர மற்ற எல்லோருக்கும் அந்தக் கல்நாரோடு தொடர்பு இருந்திருக்கும் என்று 1960இல் ஜே. சி. வேக்னரும் கூட்டாளிகளும் கட்டுரை எழுதினார்கள். தென்னாப்பிரிக்கா கல்நாரைத் தடை செய்தது 2008இல். நடுவில் 48 ஆண்டுகள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள்; கண்டுபிடித்ததைக் காதில் போட்டுக்கொள்ளத் தனியாக ஒரு நிதி ஒதுக்கினால் தேவலை.

பேட் இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது, தொடவில்லை. மூன்றுக்குக் கீழே போனால் மாற்றிவிட வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்தே. திரவத்தின் மட்டமும் சரியாகத்தான் இருந்தது. ஈரத்தை அளக்கும் சோதனைப் பேனாவை டப்பாவில் நனைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது: தண்ணீர் அதிகம்.

பிறகு காற்று எடுப்பது, அதாவது பழைய ஆயிலை வெளியேற்றுவது. பெடலில் தங்கை, சக்கரத்தருகே அண்ணன். இங்கே ஸ்டியரிங் வலப்பக்கம் என்பதால் தூரத்துச் சக்கரம் இடப் பின்சக்கரம், அதிலிருந்து தொடங்கினோம். சில வண்டிகளுக்கு வரிசை வேறு. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளுக்குத் தனிக் கருவியே வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தருகே பிரேக்கில் இருக்கும், காற்றெடுக்கத் திறக்கும் நிப்பிளில் தெளிவான குழாயை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கவைத்தோம். “மிதி”, ஸ்பானரால் நிப்பிளை அரைச்சுற்று திற, ஆயில் வெளியே வரும், பெடல் இறங்கும், நிப்பிளை மூடு, “விடு”. மூடுவதற்கு முன் காலை எடுத்தால் காற்றை உறிஞ்சிவிடும். அண்ணன் தங்கை இரண்டு முறை சண்டை போட்டுக்கொண்டார்கள். மூன்றாவது முறை தாளம் பிடித்துவிட்டது. டப்பா காலியாகாமல் புது டாட் 4 ஊற்றிக்கொண்டிருப்பது என் வேலை. அன்று உடைத்த பாட்டில்தான். போன வருடம் திறந்து அலமாரியில் வைத்தது இந்நேரம் வயிறு முட்டக் குடித்திருக்கும். ஃபெண்டரில் ஒரு சொட்டு விழுந்தது, உடனே தண்ணீர் விட்டுக் கழுவினோம், இல்லாவிட்டால் பெயின்டைத் தின்றுவிடும். குழாயில் முதலில் கறுத்த டிக்காஷன் வந்தது, பிறகு தேன் நிறம், பிறகு நிறமே தெரியாத திரவம். அதோடு மூடி, அடுத்த சக்கரத்துக்குப் போனோம்.

நாலும் முடிந்து தங்கை மிதித்துப் பார்த்தாள். “அங்கிள், கல்லு மாதிரி இருக்கிறது” என்றாள். எஞ்சினை ஓடவிட்டு மறுபடி பார்த்தோம், கசிவில்லை. தெருவில் மெதுவாக நாலு முறை ஓட்டி நிறுத்தினோம். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பாட்டிலோடு மூடி, கழிவு ஆயில் வாங்கும் இடத்துக்கு எடுத்து வைத்தோம். இரண்டு வருடம் கழித்து மறுபடி மாற்ற வேண்டும் என்று டப்பா மூடியின் மேல் தேதியை எழுதி ஒட்டச் சொன்னேன். இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்கவிடச் சொன்னதற்குத் தலையாட்டினார்.

பாட்டி இவ்வளவு நேரமும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் ஆயிற்றா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். வண்டி வாங்கியபோது சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் நசுக்கிய குடும்பம். நான் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை, பழத்தோடு பிரேக் ஆயிலையும் கவனித்தால் சரி. திருஷ்டி சுற்ற மிளகாயும் கல்லுப்புமாக வெளியே வந்தார். கையைத் திறந்து உதிர்க்கப் பார்த்தார். உப்பு உதிரவில்லை. ஈரத்தில் கட்டி தட்டி, உள்ளங்கை அச்சோடு ஒரே உருண்டையாக இருந்தது.