வெறும் பாயிண்ட் டூ டூ தானேன்னு இன்னொரு தடவ என்கிட்ட சொல்லாதீங்க

போன ஞாயித்துக்கிழமை காலையில துப்பாக்கி ரேஞ்ச்ல, சுட்ட தோட்டாவோட காலி கேஸ் ஒண்ண உள்ளங்கையில வச்சிக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன். சுண்டு விரல்ல பாதி கூட வராது, அவ்வளவு சின்னது. நேரா குழாய் மாதிரி இருக்க வேண்டிய பித்தள, நடுவுல வயிறு உப்பி, பக்கத்துல நீளவாக்குல கிழிஞ்சு, கிழிசல் ஓரமெல்லாம் கரி. இந்த மாசத்துல இது மூணாவது.

அத சுட்டவருக்கு முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். புது ரிவால்வர், பெட்டி வாசம் கூட போகல, பக்கத்துல பத்து வயசுல பையன். "அண்ணே, குறி எங்கெங்கயோ போகுது, தோட்டா கம்பெனி சரியில்ல போல"ன்னார். கேஸ பாத்ததுமே எனக்கு புரிஞ்சிடுச்சு, இருந்தாலும் சிலிண்டர, அதான் தோட்டா போடற சுத்தற உருளைய, கழட்டிப் பாத்தேன், மேக்னம்னு பொறிச்சிருக்கு. பெட்டிக்குள்ள ரெண்டு சிலிண்டர் குடுத்திருக்காங்க, ஒண்ணு லாங் ரைபிள்ங்கற சாதாரண .22 தோட்டாவுக்கு, இன்னொண்ணு மேக்னம்ங்கற பெரிய .22 தோட்டாவுக்கு, இவர் கைக்கு எது மொதல்ல வந்துச்சோ அத மாட்டிட்டு லாங் ரைபிள் தோட்டாவ போட்டு சுட்டுட்டு இருந்திருக்கார். இதுக்குள்ள பையன் காது மஃப கழுத்துல இறக்கி விட்டிருக்கான், நான் அந்தப் பக்கம் திரும்பினப்பதான் பாக்கறேன். ஏம்ப்பா இப்படின்னு கேட்டா அப்பா சொல்றார், "விடுங்கண்ணே, வெறும் பாயிண்ட் டூ டூ தானே."

பதினாலு வருஷமா ரேஞ்ச்ல சேஃப்டி ஆபீசரா நிக்கிறேன், இந்த ஒரு வாக்கியத்த கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. பாயிண்ட் டூ டூன்னா .22, அதாவது அங்குலத்துல சுமார் 0.22 குறுக்களவு இருக்கற சின்ன குண்டு, அந்த அளவத்தான் கேலிபர்னு சொல்றது. பெரிய கேலிபர் வாங்கறவங்க பயந்து பயந்து தொடுவாங்க, ஆயிரம் கேள்வி கேப்பாங்க. விலை கம்மியா ஒரு .22 ரிவால்வர் வாங்கறவர்தான் விளையாட்டு சாமான் வாங்கின மாதிரி வந்து நிப்பார். விலை கம்மி, தோட்டா சின்னது, உதை கிடையாது, சத்தமும் பெருசா தெரியல, அதனால ஆபத்தும் கம்மின்னு மனசு தானா ஒரு கணக்கு போட்டுக்குது.

அந்தக் கணக்கு தப்புங்க. 1968 ஜூன்ல லாஸ் ஏஞ்சலஸ்ல அமெரிக்க அரசியல்வாதி ராபர்ட் கென்னடிய சுட்டது எதால? ஐவர் ஜான்சன்னு ஒரு கம்பெனியோட எட்டு குண்டு .22 ரிவால்வர், அந்தக் காலத்துல விலை கம்மியா கிடைச்ச சாதாரண சாமான். அவர் செத்துட்டார், கூட இருந்த அஞ்சு பேருக்கு காயம். 1981 மார்ச்ல வாஷிங்டன்ல அமெரிக்க ஜனாதிபதி ரீகன சுட்டதும் .22 தான், ரோம் கம்பெனியோட ஆர்ஜி 14, அது அத விட மட்டமான சாமான். ரெண்டு செகண்டுக்குள்ள ஆறு குண்டு. ரீகன் மேல நேரா கூட படல, கார்ல பட்டு தெறிச்ச குண்டு நுரையீரல் வரைக்கும் போயிருச்சு. அவரோட பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடிக்கு தலையில பட்டுச்சு, மிச்ச வாழ்க்கை பூரா வீல்சேர்ல போச்சு, 2014ல அவர் செத்தப்ப அந்தப் பழைய காயத்தாலதான் சாவுன்னு மருத்துவப் பரிசோதகர் எழுதினார். முப்பத்திமூணு வருஷம் கழிச்சு! சிறு பாம்பானாலும் பெரிய தடி கொண்டு அடின்னு நம்ம ஆளுங்க சும்மாவா சொன்னாங்க.

தூரத்துக்கு வாங்க. குண்டோட எடை ரெண்டரை கிராம் சொச்சம். தோட்டா டப்பாவ திருப்பிப் பாருங்க, பல கம்பெனி டப்பாவுல ஒன்றரை மைல் வரைக்கும் போகும்னு எச்சரிக்கை போட்டிருக்கும், கிட்டத்தட்ட 2.4 கிலோமீட்டர். டப்பாவ கிழிச்சி தூக்கிப் போடறதுக்கு முன்னாடி அத படிச்சவங்க எத்தன பேர்? தகர டப்பாவ கல்லு மேல வச்சி சுடறது, குளத்துல மிதக்கற பாட்டில சுடறது, இதெல்லாம் பண்ணாதீங்க. மொழுக்குன்னு இருக்கற ஈயக் குண்டு தண்ணியிலயும் கல்லுலயும் பட்டு எகிறிப் போற அழக ஒரு தடவ பாத்தீங்கன்னா ராத்திரி தூக்கம் வராது. பின்னாடி உயரமா நல்ல மண் மேடு இருக்கணும், மேடு இல்லன்னா சுடாதீங்க, அவ்வளவுதான்.

திரும்ப அந்த சிலிண்டர் கதைக்கு வரேன், ஏன்னா இத நல்லா விளக்கலன்னா அடுத்த மாசம் நாலாவது கேஸ் என் கைக்கு வரும். லாங் ரைபிளும் மேக்னமும் ரெண்டுமே .22, சரி. ஆனா லாங் ரைபிள் 1887ல வந்தது, மேக்னம் 1959ல வந்தது, ரெண்டும் வேற வேற தோட்டா, மேக்னத்தோட பித்தள கேஸ் குறுக்களவுல சுமார் 0.4 மில்லிமீட்டர் பெருசு. மேக்னம் தோட்டா லாங் ரைபிள் சிலிண்டர்குள்ள போகாது, நல்ல வேளை. தலைகீழாத்தான் வம்பு, லாங் ரைபிள் தோட்டா மேக்னம் ஓட்டைக்குள்ள பாட்டுக்கு போய் உக்காந்துக்கும், சுட்டா வெடிக்கவும் வெடிக்கும், ஆனா சுத்தி இடம் இருக்கறதால பித்தள உப்பி கிழியும், சூடான வாயு கிடைச்ச சந்து வழியா முகத்துப் பக்கம் வரும், குண்டு கோணல்மாணலா போகும். "குறி எங்கெங்கயோ போகுது"ன்னு அவர் சொன்னார் பாருங்க, அது இதாலதான். கண்ணாடி போட்டிருந்ததால கண்ணு தப்பிச்சுது. என்கிட்ட கத்துக்கறவங்களுக்கு ரெண்டு சிலிண்டர் இருந்தா மேக்னம் சிலிண்டரோட முன்பக்கத்துல சிவப்பு நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வைக்கச் சொல்லுவேன், சிரிப்பாங்க, ஆனா அந்தப் பொட்டு வச்ச யாரும் இதுவரைக்கும் மாத்தி போட்டதில்ல. இன்னொண்ணு, நண்பரோட துப்பாக்கியும் அதே மாடல்தானேன்னு அவர் சிலிண்டர வாங்கி மாட்டாதீங்க, ஒவ்வொண்ணும் அந்தந்தத் துப்பாக்கிக்குன்னு பொருத்திப் பாத்து குடுக்கறது.

வாங்கறப்ப என்ன பாக்கணும்னு கேக்கறவங்களுக்கு. மொதல்ல உங்க ஊர் சட்டம், லைசென்ஸ், அத முடிச்சிட்டு கடைக்குப் போங்க. கடைக்காரர் காலின்னு சொன்னாலும் ஒவ்வொரு ஓட்டையையும் நீங்களே பாருங்க, இதுல யாரும் கோச்சுக்க மாட்டாங்க, கோச்சுக்கிட்டா அந்தக் கடையே வேணாம். கேட்டுட்டு ஹேமர, அதான் பின்னாடி இருக்கற சுத்தியல, மெதுவா, ரொம்ப மெதுவா பின்னாடி இழுங்க, ஹேமர் முழுசா நிக்கறதுக்குள்ள சிலிண்டர் "டிக்"னு பூட்டிக்கணும். ஆறு ஓட்டைக்கும் ஆறு தடவ பாருங்க, அஞ்சு நல்லா இருந்து ஆறாவது சோம்பேறியா இருக்கற சாமான் நிறைய பாத்திருக்கேன். பூட்டினதுக்கப்புறம் சிலிண்டர முன்ன பின்ன ஆட்டுங்க, நூலளவு ஆட்டம் பரவால்ல, லொட லொடன்னா வச்சிட்டு வந்துருங்க. ஓட்டையும் பேரலும் நேர்க்கோட்டுல நிக்கலன்னா ஒவ்வொரு தடவையும் குண்டுலேந்து ஈயம் சீவி பக்கத்துல தெறிக்கும், பக்கத்து லேன்ல நிக்கறவர் கையில ரத்தப் பொட்டு வந்ததயும் பாத்திருக்கேன்.

செகண்ட் ஹேண்ட்னா சிலிண்டரோட பின்பக்கம், தோட்டா உள்ள போற வாய் ஓரத்த நகத்தால தடவுங்க. சின்னதா ஒரு குழி, பக்கத்துல மேடு தட்டுப்பட்டா, முன்னாடி வச்சிருந்தவர் டிவி பாத்துக்கிட்டே காலி துப்பாக்கிய டக் டக்னு அடிச்சிட்டு இருந்திருக்கார்னு அர்த்தம். .22 ரிம்ஃபயர் ரகம், தோட்டாவ பத்த வைக்கிற மருந்து அடி ஓரத்துல இருக்கும், அதனால ஹேமரோட ஊசி ஓரத்துலதான அடிக்கும், தோட்டா இல்லன்னா இரும்பு மேலதான் அடிக்கும். சில புது மாடல்ல காலியா அடிக்கலாம்னு கம்பெனியே சொல்றாங்க, உங்களோடது எந்த ரகம்னு மேனுவல பாருங்க, யூடியூப பாக்காதீங்க.

விலை கம்மி மாடல் சிலதுல உடம்பு ஜிங்க் கலந்த உலோகமா இருக்கும், சிலதுல அலுமினியம். அதப் பாத்து முகம் சுளிக்க வேணாம், ஞாயித்துக்கிழமை பேப்பர் டார்கெட்டுக்கு அது போதும். விலை கம்மின்னு திட்டறதுக்காக இத எழுதல, நான் பழகினதே அப்படி ஒரு சாமான்லதான்.

சிங்கிள் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு தடவையும் ஹேமர கையால இழுத்து சுடற ரகம் வாங்கறவங்க ஒண்ணு கேட்டுக்கோங்க. பழைய டிசைன்ல ஊசி ஹேமர்லயே இருக்கும், ஹேமர் கீழ இறங்கி தோட்டா மேல உக்காந்திருந்தா, கை தவறி கீழ விழற ஒரு அடி போதும். அதனாலதான் ஆறு ஓட்டையில அஞ்சு மட்டும் போட்டு, காலி ஓட்டை மேல ஹேமர இறக்கி வைக்கிற பழக்கம் வந்துச்சு. ரூகர் கம்பெனி 1973லேந்து டிரான்ஸ்ஃபர் பார் வச்சாங்க, ட்ரிக்கர இழுத்தா மட்டும் ஹேமரோட அடிய ஊசிக்கு கடத்தற பட்டை அது, 2019ல வந்த அவங்க விலை கம்மி மாடல் ராங்லர்லயும் அது இருக்கு, அது இருந்தா ஆறும் போடலாம். சில மாடல்ல அதுக்கு பதிலா ஹேமர் பக்கத்துல ஒரு சின்ன லீவர் சேஃப்டி இருக்கும், லீவர் இருக்கேன்னு தைரியமா ஆறு போடறாங்க. லீவர் போட மறக்கற கை உங்களோடதுதான? அஞ்சு போடுங்க. ஒரு குண்டு கம்மியானா டார்கெட் ஒண்ணும் கோச்சுக்காது.

ரிம்ஃபயர் தோட்டா அப்பப்ப வெடிக்காம போகும், மொத்தமா வாங்கற மலிவு டப்பாவுல இன்னும் அதிகம். இங்கதான் ரிவால்வர்காரங்க ஒரு பெரிய தப்பு பண்றாங்க. "டிக்"னு வெத்தா போனா உடனே அடுத்தத சுடறாங்க. சில தோட்டா தாமதமா வெடிக்கும் சாமி! நீங்க அடுத்தத சுட சிலிண்டர் சுத்திருச்சுன்னா, அந்தத் தாமதக்காரன் பேரலுக்கு நேரா இல்லாம ஓரமா நிப்பான், அங்க வெடிச்சா குண்டு போக வழியே இல்ல. துப்பாக்கிய டார்கெட் பக்கமே நீட்டிக்கிட்டு முப்பது செகண்ட் எண்ணுங்க, நான் அறுபது எண்ணச் சொல்லுவேன். அப்புறம் அத வெளிய எடுங்க.

சத்தம் "புஸ்"னு மந்தமா வந்தா அதோட நிறுத்துங்க. காலி பண்ணிட்டு பேரல்குள்ள வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. ஒருத்தர் பேரல்லேந்து வரிசையா மூணு குண்ட தட்டி எடுத்திருக்கேன், பேரல் பாதியில மோதிரம் போட்ட மாதிரி வீங்கி இருந்துச்சு. "சத்தம் கம்மியா இருந்துச்சு, நல்லதுதானேன்னு நெனச்சேன்"னார். என்னத்த சொல்ல.

காதுக்கு வரேன், பையன் ஞாபகம் இன்னும் போகல. நீளமான .22 ரைபிள் சத்தத்த வச்சி ரிவால்வர எடை போடாதீங்க, பேரல் குட்டை, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல வேற சந்து, சத்தம் உங்க முகத்துக்குப் பக்கத்துலயே பிறக்குது. 140 டெசிபல தாண்டும், அந்த அளவுல ஒரே ஒரு வெடி கூட காத நிரந்தரமா கெடுக்கலாம்னுதான் காது டாக்டருங்க சொல்றாங்க. வலிக்கலயேன்னு சொல்லாதீங்க, காது போறப்ப வலிச்சிட்டுப் போகாது. கூரை போட்ட ரேஞ்ச்னா காதுக்குள்ள இயர்பிளக், மேல மஃப், ரெண்டும். சின்னப் பசங்கன்னா வெளியிலயும் ரெண்டும். கண்ணாடி இல்லாம லைனுக்கு வராதீங்க, நான் திருப்பி அனுப்புவேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது.

அந்த சந்த பத்தி சொன்னேன் இல்ல, இடது கை விரல சிலிண்டருக்கு முன்னாடி நீட்டிப் பிடிக்காதீங்க. ஆட்டோமேடிக்ல பழகினவங்கதான் இத அதிகம் பண்றாங்க.

.22ல பெரும்பாலும் மேல செம்பு உறை இல்லாத ஈயக் குண்டு, இல்ல பேருக்கு ஒரு பூச்சு. பல தோட்டாவோட ஓரத்துல இருக்கற வெடிமருந்துலயும் ஈயம் இருக்கு. கையில கருப்பா ஒட்டறது வெறும் கரி இல்லீங்க. சோப்பு போட்டு கை, முகம் கழுவிட்டுத்தான் எதயும் வாயில வைக்கணும், ரேஞ்சுக்கு போட்டுட்டு வந்த சட்டைய வீட்டுத் துணியோட சேத்து துவைக்காதீங்க, அதே சட்டையோட கைக்குழந்தைய தூக்காதீங்க. தயவு செஞ்சு இத சாதாரணமா எடுத்துக்காதீங்க, குழந்தைங்க உடம்புல ஈயம் சேந்தா மூளை வளர்ச்சிய பாதிக்கும், வெளிய தெரியவும் தெரியாது.

வீட்டுல வைக்கிறத பத்தி ஒண்ணே ஒண்ணு. சிங்கிள் ஆக்‌ஷன்ல பெரும்பாலும் முன்னாடி இருக்கற கம்பிய இழுத்தா சிலிண்டர் தனியா வந்துரும். அத ஒரு பூட்டுல, மிச்சத்த இன்னொரு பூட்டுல, தோட்டாவ மூணாவது இடத்துல வைங்க. பீரோ மேல துணிக்கு அடியில வைக்கிறதுக்கு பேர் பத்திரம் இல்ல, அந்த இடம் உங்க பிள்ளைக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

ஞாயித்துக்கிழமை வந்தவர அடுத்த வாரம் வரச் சொல்லிருக்கேன், ரெண்டு சிலிண்டரும் கொண்டு வரணும், மேனுவலும் கொண்டு வரணும்னு. மேனுவல் எங்கன்னு கேட்டா பெட்டியில இன்னும் கவர் கூட பிரிக்காம இருக்குன்னார். நெயில் பாலிஷ் நான் எடுத்துட்டுப் போறேன்.